சீட்டு ஒட்டிய பட்டியல்

ஆர் என்ற புள்ளியியல் மொழியைக் கணினியில் நிறுவினால், கூடவே சில தரவுத் தொகுப்புகளும் வந்து இறங்கும். அவற்றில் ஒன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களுடைய பெயர்கள். அதற்கு ஜோடியாக அந்த மாநிலங்களின் ஈரெழுத்துச் சுருக்கங்கள்: அலபாமாவுக்கு ‘ஏஎல்’, அலாஸ்காவுக்கு ‘ஏகே’, அரிசோனாவுக்கு ‘ஏஇசட்’ என்று. இரண்டையும் இணைத்து, சுருக்கத்தைக் கொடுத்தால் முழுப்பெயரைத் தரும் பட்டியல் ஒன்றைச் செய்ய ஒரே வரி போதும். ‘ஏஎல்’ என்று கேட்டால் அலபாமா. ‘ஏகே’ என்று கேட்டால் அலாஸ்கா. எல்லாம் சரி.

இப்போது அதே சுருக்கங்களை ‘ஃபேக்டர்’ என்ற வகைக்கு மாற்றிவிட்டு, அதே பட்டியலில் மறுபடி தேடிப் பாருங்கள். அலபாமாவின் சுருக்கத்துக்கு அலாஸ்கா வருகிறது, அலாஸ்காவின் சுருக்கத்துக்கு அலபாமா. அரிசோனாவைக் கேட்டால் ஆர்கன்சா. கலிஃபோர்னியாவில் ஆட்டம் நின்று, அங்கிருந்து ஹவாய் வரை ஏழு மாநிலங்கள் ஒழுங்காக வருகின்றன. அடுத்த ஐடஹோவில் மறுபடி தடம் புரண்டு இல்லினாய் வருகிறது. இத்தனைக்கும் பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நடுவில் ஏழு பெயர்கள் சரியாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குச் சந்தேகமும் வராது.

இந்தக் கூத்து ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள, ஆர் மொழி ஒரு பட்டியலை நினைவகத்தில் எப்படி வைத்திருக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுகிற ஓர் ஏற்பாடு சாவி–மதிப்பு இணை. ஊழியர் எண்ணைக் கொடுத்தால் சம்பளம், சொல்லைக் கொடுத்தால் அது எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. முதலாவது சாவி, இரண்டாவது மதிப்பு. பைத்தானில் இதற்கென்றே டிக்‌ஷனரி இருக்கிறது, பெர்லில் ஹேஷ், ஜாவாவில் மேப். அங்கிருந்து ஆர் மொழிக்கு வருகிறவர் முதலில் தேடுவது இதைத்தான். ‘லிஸ்ட் இருக்கிறதே, பெயர் வைத்துக்கொள்ளலாமே’ என்று பதில் கிடைக்கும். அவரும் லிஸ்டை டிக்‌ஷனரி என்றே நம்பி வேலையைத் தொடங்கிவிடுவார். பல மாதங்கள் அந்த நம்பிக்கை அவரைக் கைவிடாது என்பதுதான் இதில் ஆபத்து.

சமையலறை அலமாரியில் டப்பாக்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ‘துவரம் பருப்பு’, ‘மல்லி’, ‘கடுகு’ என்று சீட்டு ஒட்டி வைப்பார்கள் அல்லவா? ஆர் மொழியின் லிஸ்ட் அதுதான். முதலில் இருப்பது வரிசை. சீட்டு பிறகு ஒட்டியது. நினைவகத்தில் லிஸ்ட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் முகவரிகளின் தொடர். இன்றைய கணினிகளில் ஒவ்வொரு முகவரியும் 8 பைட். ஒவ்வொன்றும் எங்கோ இருக்கும் ஒரு பொருளைச் சுட்டும். அது எண்ணாகவோ எழுத்தாகவோ இன்னொரு லிஸ்டாகவோ ஒரு முழுச் சார்பாகவோ இருக்கலாம். பெயர்கள் இந்தத் தொடருக்குள் இல்லை. அவை தனியாக ஓர் எழுத்துச்சர வெக்டரில் அதே வரிசையில் நிற்கின்றன. லிஸ்டின் ‘நேம்ஸ்’ என்ற கூடுதல் பண்பாக அந்த வெக்டர் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லி மதிப்பைக் கேட்டால், ஆர் இந்தப் பெயர் வெக்டரின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். ஏழாவது இடத்தில் பொருந்தினால் முதன்மைத் தொடரின் ஏழாவது பொருளை எடுத்துத் தரும். கடைசியில் எல்லாம் இட எண்தான்.

இப்படி வடிவமைத்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஆர் மொழிக்கு மூத்தது எஸ் மொழி. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் தொடங்கியது அது. தரவை வைத்துக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்து யோசிக்கிற புள்ளியியலாளருக்காக உருவான மொழி. அவருக்குத் தரவு என்றாலே வரிசைதான்: முதல் நாள் மழை, இரண்டாம் நாள் மழை, முதல் நோயாளி, இரண்டாம் நோயாளி. பெயர் என்பது அச்சிட்டுப் பார்க்கும்போது கண்ணுக்கு உதவும் அடையாளம். வேடிக்கை என்னவென்றால், அதே பெல் ஆய்வகத்தில் அடுத்த ஆண்டே ‘ஆக்’ என்ற சிறு மொழி பிறந்தது. அதில் அணி என்றாலே சாவி–மதிப்பு இணைகளின் தொகுப்பு மட்டும்தான். எண்ணைக் கொடுத்தால்கூட அதையும் ஒரு சாவியாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு கூட்டத்தார் எதிரெதிர்த் திசையில் போனார்கள். ஆக் உரைக் கோப்புகளை அரித்துச் சலிக்கிறவர்களுக்கானது. எஸ் எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களின் தொடக்கத்தில் ஆர் மொழியை எழுதியபோது எஸ் மொழியின் பழக்கவழக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே ஸ்கீம் மொழியின் கருத்துகள் சிலவற்றையும் வைத்தார்கள். அதன் பலனைப் பிறகு பார்ப்போம்.

அந்தப் பழக்கங்களில் ஒன்று இன்றுவரை ஆட்களைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நேர்க்கோட்டு மாதிரி பொருத்தும் ‘எல்எம்’ என்ற சார்பு தன் விடையை ஒரு லிஸ்டாகத்தான் தருகிறது. சாதாரணமாக அதில் 12 உறுப்புகள். குணகங்கள் ‘கோஎஃபிஷியன்ட்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். அதை முழுக்கத் தட்டச்சு செய்ய யாருக்குப் பொறுமை? டாலர் குறி போட்டு ‘கோஎஃப்’ என்று நிறுத்திக்கொண்டாலே ஆர் புரிந்துகொண்டு குணகங்களைத் தந்துவிடும். பெயரின் முற்பகுதி பொருந்தி, அப்படிப் பொருந்துவது ஒன்றே ஒன்றாக இருந்தால் போதும் என்பது விதி. திரையின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அடித்துப் பார்க்கிறவருக்கு இது வசதி. அதே வரியைக் கோப்பில் எழுதிச் சேமித்து, ஆறு மாதம் கழித்து வேறொருவர் ஓட்டும்போது நிலைமை வேறு.

ஆர் மொழியோடு வரும் இன்னொரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1974-ஆம் ஆண்டின் மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து திரட்டிய 32 கார்களின் விவரம். பெயர் ‘எம்டிகார்ஸ்’, 11 பத்திகள். அட்டவணை என்று நாம் பார்க்கிற இந்த ‘டேட்டா ஃபிரேம்’ கூட உள்ளே ஒரு லிஸ்ட்தான். ஒவ்வொரு பத்தியும் அதன் ஓர் உறுப்பு. அதில் ‘எம்’ என்ற ஒரே எழுத்தைக் கேட்டால் ‘எம்பிஜி’ என்ற எரிபொருள் சிக்கனப் பத்தி வந்துவிடும், ஏனென்றால் எம்-இல் தொடங்குவது அது ஒன்றுதான். நாளைக்கு யாராவது ‘மாடல்’ என்று ஆங்கிலத்தில் ஒரு புதுப் பத்தி சேர்த்தால் எம்-இல் தொடங்குவது இரண்டாகிவிடும். ஆர் எதையும் தேர்ந்தெடுக்காமல் ‘நல்’ என்ற வெறுமையைக் கையில் கொடுக்கும். வெறுமையின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஆக, ஓரிடத்தில் ஒரு பத்தி சேர்த்ததற்கு வேறெங்கோ ஓர் அறிக்கையில் மொத்தம் பூஜ்யம் என்று அச்சாகும். நடுவில் எந்த மணியும் அடிக்காது.

இதைவிட மோசமானது படிப்பதும் எழுதுவதும் வேறு வேறு விதிகளில் நடப்பது. படிக்கும்போது ‘கோஎஃப்’ என்றால் ‘கோஎஃபிஷியன்ட்ஸ்’ என்று எடுத்துக்கொள்ளும் ஆர், எழுதும்போது அப்படிச் செய்யாது. ‘கோஎஃப்’-ஐ எடுத்து அதோடு ஒன்றைக் கூட்டி ‘கோஎஃப்’-இலேயே திரும்ப வை என்றால், பழைய குணகங்களைப் படித்து, கூட்டி, ‘கோஎஃப்’ என்ற புதிய உறுப்பு ஒன்றை லிஸ்டின் வாலில் சேர்த்துவிடும். பழைய குணகங்கள் தொடாமல் அப்படியே இருக்கும். திருத்தினோம் என்று நாம் நினைத்த மாதிரி, திருத்தாத குணகங்களை வைத்துக்கொண்டு கணிப்புச் செய்துகொண்டிருக்கும்.

டாலர் குறிக்குப் பதிலாக இரட்டைச் சதுர அடைப்பைப் போட்டு, முழுப்பெயரை மேற்கோளுக்குள் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. அது அரைகுறைப் பொருத்தத்தை ஏற்பதில்லை. கோப்பில் சேமிக்கிற எந்த நிரலிலும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. எழுதச் சற்று அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். பழைய நிரலைத் தொட முடியாது என்றால், அரைகுறையாகப் பொருந்தும்போதெல்லாம் எச்சரிக்கச் சொல்லும் விருப்ப அமைப்பு ஒன்று ஆர் மொழியிலேயே இருக்கிறது. அது ஏன் தொடக்கத்திலேயே முடுக்கிவிடப்பட்டு வருவதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத ஒன்று.

பெயர் வெறும் சீட்டுதான் என்பதிலிருந்து இன்னும் சில விளைவுகள் தாமாகவே வருகின்றன. ஒரே பெயரை இரண்டு உறுப்புகளுக்கு வைக்கலாம், ஆர் தடுக்காது. கேட்டால் முதலில் நிற்பதைத் தரும், இரண்டாவது கண்ணில் படாமலே கிடக்கும். இல்லாத பெயரைக் கேட்டால் லிஸ்ட் கோபித்துக்கொள்ளாமல் வெறுமையைத் தரும். ஓர் உறுப்பில் வெறுமையை வைத்தால் அந்த உறுப்பே நீங்கிவிடும், அதற்குப் பின்னால் நிற்பவை ஓரிடம் முன்னால் நகரும். ‘இந்தச் சாவி இருக்கிறது, ஆனால் மதிப்பு எதுவும் இல்லை’ என்று பதிவு செய்ய விரும்புகிறவர், வெறுமையை ஓர் உறுப்பு லிஸ்டுக்குள் பொதிந்து ஒற்றைச் சதுர அடைப்பு வழியாக வைக்க வேண்டும். ஆர் கற்பவர்களில் பெரும்பாலோர் இதை வலித்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

சாவிகள் எண்களாக இருந்தால் இன்னொரு பள்ளம். அதே 32 கார்களைக் கியர் எண்ணிக்கைப்படி பிரித்தால், ஆர் மூன்று உறுப்புள்ள லிஸ்ட் ஒன்றைத் தரும். பெயர்கள் 3, 4, 5. அவற்றில் முறையே 15, 12, 5 கார்கள். மூன்று கியர் கார்கள் வேண்டும் என்று இரட்டை அடைப்புக்குள் 3 என்று எழுதினால் வருவது ஐந்து கியர் கார்கள். மேற்கோள் இல்லாத 3 மூன்றாவது இடத்தைக் குறிக்கும். மேற்கோளுக்குள் இருக்கும் 3தான் பெயர். ஐந்தாவதைக் கேட்டிருந்தால் ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்று பிழையாவது வந்திருக்கும். இதே குழப்பத்தின் இன்னொரு முகம்: காலி லிஸ்டில் 1001 என்ற பதிவு எண்ணுக்கு ஒரு பெயரை வைத்தால், முன்னால் 1,000 காலி உறுப்புகளோடு 1,001 நீளமுள்ள லிஸ்ட் உருவாகிவிடும். எண் சாவி என்றால் அதை முதலில் எழுத்துச்சரமாக மாற்றிவிடுவதுதான் பிழைக்கும் வழி.

அலபாமா அலாஸ்காவாக ஆனதும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான். ஃபேக்டர் பார்வைக்கு எழுத்து மாதிரி இருக்கும், உள்ளே முழு எண். சுருக்கங்களை அகரவரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைத்தான் அது சேமித்து வைக்கிறது. அகரவரிசையில் ‘ஏகே’ முதலாவது, ‘ஏஎல்’ இரண்டாவது. பட்டியலோ மாநிலங்களின் முழுப்பெயர் வரிசையில் நிற்கிறது. அங்கே அலபாமா முதலாவது, அலாஸ்கா இரண்டாவது. ஃபேக்டரைச் சாவியாகக் கொடுத்தால் ஆர் அதன் எழுத்தைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் எண்ணை இட எண்ணாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு வரிசைகளும் தற்செயலாக ஒத்துப்போகும் இடங்களில், உதாரணமாகக் கலிஃபோர்னியா முதல் ஹவாய் வரை, விடை சரி. மற்ற இடங்களில் பக்கத்து வீட்டுக் கதவு. 2020-இல் 4.0.0 பதிப்பு வரும்வரை, ஒரு கோப்பைப் படித்து டேட்டா ஃபிரேம் ஆக்கினாலே எழுத்துப் பத்திகள் யாரும் கேட்காமல் ஃபேக்டர்களாக மாறிவிடும். அந்தக் காலத்தில் எழுதிய நிரல்களில் இந்தப் பிழை எத்தனை இடங்களில் உறங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது என்றாலும், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மிகைப்படுத்துகிறார்கள். 50 மாநிலங்களுக்குத் தலையிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சில நூறு சாவிகள் வரை லிஸ்டே போதும். ஒரு லட்சம் சாவிகள் என்றால்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு தேடலுக்குச் சராசரியாக 50,000 ஒப்பீடு, அந்த லட்சம் சாவிகளையும் ஒரு சுழற்சியில் ஒவ்வொன்றாகத் தேடினால் 500 கோடி ஒப்பீடு. இங்கே ஆர் மொழியின் சுபாவத்தோடு ஒத்துப்போகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. சாவிகளை ஒவ்வொன்றாகக் கேட்காமல், ஒற்றைச் சதுர அடைப்புக்குள் மொத்தமாக ஒரு வெக்டராகக் கொடுத்தால், ஆர் ஒரு தற்காலிக ஹேஷ் அட்டவணையைக் கட்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பொருத்தித் தந்துவிடும். ஆகவே மெதுவாக ஓடுகிற நிரலைக் கண்டால் லிஸ்டைக் குறை சொல்வதற்கு முன் சுழற்சியைப் பாருங்கள்.

ஹேஷ் என்பது என்ன? 1953 ஜனவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் தன் அலுவலகக் குறிப்பு ஒன்றில் எழுதிய யோசனை அது. கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து அந்த எண் தவறா என்று சரிபார்க்கும் முறையும் இவருடையதுதான். தேடுவதற்குப் பதிலாகக் கணக்குப் போடு என்பது யோசனையின் சாரம். சாவியின் எழுத்துகளையே எண்களாக எடுத்துக்கொண்டு ஒரு கணக்குச் செய்தால், அந்தச் சாவி எந்த அறையில் இருக்க வேண்டும் என்று விடை வரவேண்டும். நேரே அந்த அறைக்குப் போய்ப் பார்த்தால் போதும். லட்சம் சாவி இருந்தாலும் நடை ஒன்றுதான்.

ஆர் மொழிக்குள் இப்படிப்பட்ட அட்டவணை தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது, ஆனால் பயனருக்கென்று அதைக் கட்டவில்லை. ஒரு மாறியின் பெயரைச் சொன்னால் அதன் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மொழியின் சொந்தத் தேவை. அதற்காக ஸ்கீம் மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு ‘என்விரான்மென்ட்’. பெயரைக் கொடுத்தால் பொருளைத் தரும் பை என்று சொல்லலாம். நாமும் காலியாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு நம் சாவிகளை மாறிப் பெயர்களாக அதில் போட்டு வைக்கலாம். மொழி தன் காரியத்துக்காக வைத்திருக்கும் அகராதியை நாம் இரவல் வாங்குகிறோம்.

அதன் உள்ளே நடக்கும் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஆர் பயன்படுத்தும் ஹேஷ் முறைக்கு ‘பிஜேடபிள்யூ’ என்று பெயர். பெல் ஆய்வகத்தின் பீட்டர் ஜே. வைன்பெர்கரின் முதலெழுத்துகள். மேலே சொன்ன ஆக் மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவர். முதல் எழுத்தின் எண்ணை 16-ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்ட வேண்டும். இன்னும் எழுத்து மிச்சம் இருந்தால் வந்த விடையை மறுபடி 16-ஆல் பெருக்கி அதையும் கூட்ட வேண்டும். எண் அளவுக்கு மீறிப் பெருத்தால், மேல் நுனியில் வழிகிற பிட்டுகளை மடித்துக் கீழே கலந்துவிடும். கடைசியில் அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்தால் அறை எண். புதிதாக உருவாக்கும் என்விரான்மென்டில் நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால் 29 அறைகள்.

டெக்சஸின் சுருக்கம் ‘டிஎக்ஸ்’. கணினியில் அந்த எழுத்துகளின் எண்கள் 84, 88. பெருக்கிக் கூட்டினால் 1432. 29-ஆல் வகுத்தால் மீதி 11. ஆர்கன்சாவின் ‘ஏஆர்’ 65, 82. கணக்கு 1122, மீதி 20. கொலராடோவின் ‘சிஓ’ 67, 79. கணக்கு 1151, மீதி அதே 20. இரண்டு மாநிலங்களும் ஒரே அறைக்கு வந்துவிட்டன. இதற்கு மோதல் என்று பெயர், இது விபத்தும் இல்லை. சாவிகள் அறைகளில் சீராகச் சிதறும் என்று வைத்துக்கொண்டாலும், 29 அறைகளில் ஏழு சாவிகளைப் போட்டாலே எங்காவது ஒரு மோதல் நேரும் வாய்ப்பு பாதிக்கு மேல். 23 பேர் கூடினாலே இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிற பழைய புதிரின் கணக்குதான். மோதினால் ஆர் அந்த அறைக்குள் ஒரு சிறு சங்கிலி கட்டி இரண்டையும் வைத்துக்கொள்கிறது. அங்கே மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருக்கும். 85 சதவீத அறைகளுக்கு ஆள் வந்துவிட்டால் அட்டவணையை ஏறக்குறைய 1.2 மடங்காகப் பெருக்கி எல்லாவற்றையும் புதிதாக அடுக்கும். சங்கிலி நீளாமல் இருப்பது இதனால்தான்.

இரவல் வாங்கிய பொருளுக்கு அதன் வீட்டுப் பழக்கங்களும் கூடவே வரும். ஒவ்வொரு என்விரான்மென்டுக்கும் ஒரு பெற்றோர் உண்டு. ஒரு பெயர் இங்கே இல்லையென்றால் பெற்றோரிடம், அங்கும் இல்லையென்றால் அதன் பெற்றோரிடம் என்று தேடல் மேலேறிப் போகும். மாறிகளைக் கண்டுபிடிக்க அதுதான் முறை. நம் காலிப் பையில் ‘சி’ என்ற சாவி இருக்கிறதா என்று ‘எக்ஸிஸ்ட்ஸ்’ சார்பிடம் கேட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்லும். எங்கே? ஆர் மொழியின் அடித்தளத்தில் அந்தப் பெயரில் ஒரு சார்பு இருக்கிறதே! ‘டி’, ‘டிஎஃப்’, ‘மீன்’ என்று சாவி வைத்தாலும் இதே கதைதான். பையை உருவாக்கும்போதே பெற்றோராக வெற்று என்விரான்மென்டைக் கொடுத்துவிடுவது, அல்லது மேலே ஏறாதே என்று தேடும்போது சொல்லிவிடுவது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

இன்னொரு வேறுபாடு ஆழமானது. லிஸ்டை ஒரு சார்புக்குள் அனுப்பி அங்கே திருத்தினால், வெளியே இருக்கும் லிஸ்ட் மாறாது. திருத்தம் ஒரு நகலில்தான் நடக்கும். என்விரான்மென்டை அனுப்பினால் மூலமே போகிறது, உள்ளே செய்த மாற்றம் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை போட்ட கணக்கின் விடையைச் சேமித்து வைத்து மறுபடி கேட்கும்போது கொடுக்க இது மிகவும் தோது. தரவைத் தூக்கிக்கொண்டு பத்துச் சார்புகள் வழியே போகிற பகுப்பாய்வுக்கு அவ்வளவு தோதல்ல. நகல் செய்யும் லிஸ்டைப் பலர் திட்டினாலும், மூலத் தரவை யாரும் கவனிக்காமல் கெடுத்துவிட முடியாது என்ற பாதுகாப்பு புள்ளியியல் வேலையில் வேகத்தைவிடப் பெரியது என்றே நான் நினைக்கிறேன்.

வரிசை என்ற ஒன்று என்விரான்மென்டில் இல்லை. போட்ட வரிசையில் திரும்ப எடுக்க முடியாது. வெறுமையை வைத்தால் சாவி நீங்காது, வெறுமையே மதிப்பாக நிற்கும். நீக்குவதற்குத் தனிச் சார்பு. நினைவகத்திலும் ஓர் ஒழுக்கு உண்டு. சாவியாகப் பயன்பட்ட ஒவ்வொரு பெயரையும் ஆர் தன் பொதுப் பெயர்ப் பதிவேட்டில் ஏற்றிவிடும், அந்தப் பதிவேட்டிலிருந்து எதையும் அழிப்பதில்லை. நாள்கணக்கில் ஓயாமல் ஓடி, புதுப்புதுச் சாவிகளைப் போட்டு நீக்கிக்கொண்டே இருக்கும் சேவை நிரல்களில் இது மெல்ல மெல்லச் சேரும். ‘ஃபாஸ்ட்மேப்’ என்ற பேக்கேஜ் இந்த ஒழுக்கை அடைப்பதற்காகவே எழுதப்பட்டது.

கடைசியில் 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் ஆர் மொழிக்கென்று சொந்தமாக ஒரு ஹேஷ் அட்டவணை சேர்ந்தது. பெயர் ‘ஹேஷ்டேப்’. சோதனை நிலையில் இருப்பதாகவே அறிமுகம் செய்தார்கள். இதில் சாவி எழுத்துச்சரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓர் எண் ஜோடி, ஒரு லிஸ்ட், எந்த ஆர் பொருளும் சாவியாகலாம். சதுரங்கப் பலகையின் மூன்றாம் வரிசை ஐந்தாம் கட்டம் என்பதை எழுத்தாக ஒட்டவைக்காமல் இரண்டு எண்களாகவே சாவியில் வைக்கலாம். ஆனால் அது ரொம்பவும் கறாரான ஆசாமி. முழு எண் வகையில் 1 என்பதும் தசம வகையில் 1 என்பதும் அதற்கு இரண்டு வேறு சாவிகள். திரையில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒன்றுபோலத் தெரிவது என்றதும் தமிழில் சாவி வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லிஸ்டின் பெயர்களைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம்; ஆர் மறுப்புச் சொல்லாது. ‘கோவை’ என்று ஒரு சாவி. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை ஒரே எழுத்தாகச் சேர்க்கலாம். அப்போது சொல்லில் மொத்தம் நான்கு குறியீடுகள், 12 பைட். அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் பிறகு காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். அப்போது ஐந்து குறியீடுகள், 15 பைட். திரையில் இரண்டும் அச்சு அசலாக ‘கோவை’. ஆர் மொழிக்கு இரண்டு வேறு சொற்கள். ஒன்றைச் சாவியாக வைத்து மற்றதால் தேடினால் வெறுமைதான் திரும்பி வரும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்பும் கைபேசியில் தட்டிய கோப்பும் சேரும் இடத்தில் ஒரே ஊர் இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்க இதுவே போதும்.

யூனிகோடு தரத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. இயல்பாக்கம் என்ற முறையில் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றினால், பிரிந்திருக்கும் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும். ஆர் மொழியில் ‘ஸ்ட்ரிங்ஐ’ என்ற பேக்கேஜ் இதைச் செய்யும். சாவிகளை லிஸ்டில் போடும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பயனில்லை. அப்படியும் ஔகாரம் ஒன்று தப்பித்துவிடும். ‘கௌரி’ என்று எழுத ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டிருந்தால், அது யூனிகோடின் கணக்கில் உண்மையாகவே வேறு சொல். எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. அதற்கு நாமே ஒரு மாற்றுப் பட்டியல் எழுதி, தவறான வடிவத்தைச் சாவியாகவும் சரியான வடிவத்தை மதிப்பாகவும் வைக்க வேண்டியதுதான். ஆட்பெயர்ப் பத்தியில் இதைச் செய்துவிட்டு, பெயர்கள் ஃபேக்டராக இல்லாமல் எழுத்துச்சரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் தேடலைத் தொடங்கலாம்.